ஒரு பெயரடைக்காக நடந்த சண்டை

1995 நவம்பர் கடைசி. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், கிட்டத்தட்ட நூறு நாடுகளின் பிரதிநிதிகள் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வருமே, அந்த மாதிரிதான். "சான்றுகளை எடைபோட்டுப் பார்த்தால், உலகக் காலநிலையில் மனிதரின் ______ தாக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது." கோடிட்ட இடத்தில் என்ன போடுவது?

வரைவில் 'அப்ரீஷியபிள்' என்று இருந்தது. 'கணிசமான' என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் விற்று வாழும் சவூதி அரேபியாவும் குவைத்தும் அதெல்லாம் ஆகாது என்றன. இந்தச் சொல், அந்தச் சொல் என்று ஒரு பெரிய சுற்று போனது. கடைசியில் குழுவின் தலைவர், ஸ்வீடன் நாட்டு பெர்ட் போலின், 'டிசர்னிபிள்' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புலப்படுகிற, கண்ணுக்குத் தட்டுப்படுகிற என்று பொருள். எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுந்தார்கள். (ஆங்கிலத்தில் அது பெயரடை. தமிழில் 'புலப்படுகிற' என்றால் பெயரெச்சம் ஆகிவிடுகிறது. இலக்கண ஆசிரியர்கள் தலைப்பை மன்னிக்க வேண்டும்.)

இந்தக் குழுவின் பெயர் ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையேயான குழு. 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தொடங்கியது. புதிதாகப் படிக்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஐபிசிசி சொந்தமாக ஆராய்ச்சி செய்வதில்லை. உலகம் முழுக்க வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, இவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்று தொகுக்கிறது. தொகுப்பின் சுருக்கத்தை மட்டும் அரசுகள் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெய் விற்கிற அரசும் கடலில் மூழ்கப்போகிற தீவு அரசும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்றால், அந்த வாக்கியம் எவ்வளவு மென்மையாக வெளியே வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். 'அரசியல்வாதிகள் புகுந்து ஊதிப் பெரிதாக்குகிறார்கள்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். மாட்ரிட்டில் நடந்தது நேர்மாறு. அரசுகள் புகுந்ததால் 'கணிசமான' போய் 'புலப்படுகிற' வந்தது.

அப்படிக் கழுவிக் கழுவி எடுத்த சொல்லுக்கே அடுத்த ஆண்டு பெரிய ரகளை நடந்தது. அதற்கு முன், மனிதரின் தாக்கம் 'புலப்படுகிறது' என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று பார்த்துவிடுவோம்.

மார்கழியில் விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற நாளில் பனி கொட்டும், கை விறைக்கும். மேகம் மூடிய நாளில் அவ்வளவு குளிர் தெரியாது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் மேல்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கிறது. மேகம் மாதிரி வந்து போவதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. சிப்பாய்க் கலகத்துக்கு முந்தைய ஆண்டு, 1856இல், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, உள்ளே வெப்பமானியை வைத்து, வெயிலில் நிறுத்திப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடானது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு ஆறவும் அதுதான் அதிக நேரம் எடுத்தது. 1859இல் லண்டனில் ஜான் டின்டால் இன்னும் நுட்பமான கருவியில் அளந்தார். 1896இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் கையாலேயே கணக்குப் போட்டு, காற்றில் இந்த வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்றார். இன்றைய கணக்கைவிட அது அதிகம்தான். ஆனால் திசை சரி.

1958இல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்கர், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் ஒரு கருவியை வைத்துக் காற்றை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று துருவப் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட பழைய காற்றுக் குமிழ்களை அளந்து பார்த்தால் 280தான் வருகிறது.

சரி, கூடியிருக்கிறது. கூட்டியது நாம்தான் என்று எப்படித் தெரியும்? கடல் விட்டிருக்கலாம், எரிமலை கக்கியிருக்கலாம் இல்லையா?

இதற்கான பதிலின் முதல் பாதி கீழடியில் இருக்கிறது. அங்கே கிடைத்த கரித்துண்டுகளின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உயிரோடு இருக்கிற செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது, கார்பன்-14 என்ற கதிரியக்க வகையையும் துளித் துளியாகச் சேர்த்தே எடுக்கிறது. செடி செத்த பிறகு புதிதாக வருவதில்லை. உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். கீழடிக் கரியில் மிச்சம் இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் தேடினால் ஒன்றும் இருக்காது. பல பத்து லட்சம் ஆண்டுப் பழசு அது. ஆகவே காற்றில் புதிதாகச் சேர்வது நிலக்கரி, பெட்ரோல் புகை என்றால், காற்றில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போக வேண்டும். 1955இல் ஹன்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் மரங்களின் வளையங்களில் இதைத்தான் பார்த்தார். நீர்த்துத்தான் போயிருந்தது.

கடலின் மேல்மட்டமும் காடும் இதோடு கழன்றுகொள்கின்றன. எரிமலை கழன்றுகொள்ளாது, ஏனென்றால் பூமிக்கு அடியிலிருந்து வருகிற கார்பனும் பழசுதான். அதற்கு இரண்டாம் பாதி. எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். எரிமலை தன் வாயுவை விடுவதற்குக் காற்றின் ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை. சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் இதை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். அப்பா கரியமில வாயு ஏறுவதைக் காட்டினார், பிள்ளை ஆக்சிஜன் இறங்குவதைக் காட்டினார். இறக்கம் மிகச் சிறிது. நமக்கு மூச்சு முட்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் எரித்தால் எந்த அளவு இறங்க வேண்டுமோ அதற்கு ஒத்துப்போகிறது. தவிர, மனிதர் எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து விடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாயு நம்முடையது என்பது வரை பெரிய சிக்கல் இல்லை. சூடு நம்முடையதா என்பதுதான் கடினமான கேள்வி. உலகின் சராசரி வெப்பநிலை தானாகவே ஏறி இறங்கும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வந்தால் ஓர் ஆண்டு ஏறும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்த பிறகு, அதன் தூசுப்படலத்தால் உலகமே அரை டிகிரி அளவுக்குக் கொஞ்ச காலம் குளிர்ந்தது. இத்தனை ஆட்டத்துக்கு நடுவே ஒரு ஏற்றத்தைக் காட்டி 'இது மனிதர் செய்தது' என்று எப்படிக் கை நீட்டுவது?

இதற்கு வழி சொன்னவர் ஜெர்மனியின் கிளாவ்ஸ் ஹாசல்மன். 1979இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். சராசரி என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதே, எங்கே எவ்வளவு சூடாகிறது, எங்கே குளிர்கிறது என்ற கோலத்தைப் பார். ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு கோலம் போடும். இதைத்தான் இந்தத் துறையில் 'கைரேகை' என்கிறார்கள்.

ஓர் உதாரணம் போதும். சூரியன் பலமாக அடித்துத்தான் பூமி சூடாகிறது என்றால் கீழ்க்காற்று, மேல்காற்று எல்லாமே சூடாக வேண்டும். நாம் போர்த்திய வாயுப் போர்வைதான் காரணம் என்றால் போர்வைக்குள் சூடு ஏற வேண்டும், வெளியே குளிர வேண்டும். தடித்த கம்பளிக்கு மேலே கைவைத்துப் பார்த்தால் சூடு தெரியாது, உள்ளே இருப்பவருக்கு வேர்க்கும். (ஒப்புமை முழுக்கப் பொருந்தாது. மேலே உள்ள வாயு தானும் வெப்பத்தை வான்வெளிக்கு வீசிவிடுகிறது என்பதுதான் உண்மையான காரணம். ஆனாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கம்பளி உதவும்.) ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற மேலடுக்கு குளிரும் என்று 1967இலேயே சியூகுரோ மனாபே கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பிறகு அளந்தபோது குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அந்த அடுக்கின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததற்கு ஓசோன் குறைந்ததும் ஒரு பெரிய காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னும் மேலே போகப் போகக் கரியமில வாயுதான் முக்கியக் காரணம். சூரியனையோ 1978 முதல் செயற்கைக்கோள்களில் நேரடியாக அளக்கிறார்கள். 11 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து ஏறவில்லை.

ஹாசல்மனுடன் ஹாம்பர்க்கில் வேலை பார்த்துவிட்டு கலிபோர்னியாவுக்குப் போன இளம் விஞ்ஞானி ஒருவர், பென் சான்டர். ஐபிசிசியின் 1995 அறிக்கையில் எட்டாம் அத்தியாயத்தின் தலைமை ஆசிரியர் அவர். கைரேகைகளைத் தொகுத்த அத்தியாயம் அது. மாட்ரிட் கூட்டத்தில் அரசுகளும் அதற்கு முன் மதிப்பாய்வாளர்களும் சொன்ன திருத்தங்களைக் கூட்டம் முடிந்ததும் அத்தியாயத்தில் சேர்த்தார். விதிமுறை அதைத்தான் செய்யச் சொன்னது.

1996 ஜூன் மாதம் ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகையில் ஃபிரெடெரிக் சைட்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். சைட்ஸ் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன்னாள் தலைவர். அத்தியாயத்தை ரகசியமாக மாற்றிவிட்டார்கள், விஞ்ஞான மதிப்பாய்வில் இவ்வளவு மோசமான கெடுதலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் திடப்பொருள் இயற்பியலாளர், காலநிலை ஆராய்ச்சியாளர் இல்லை. அதற்கு முன் ஒரு பெரிய சிகரெட் கம்பெனியின் ஆராய்ச்சி நிதியை மேற்பார்வை பார்த்தவர். இதெல்லாம் கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியாது. சான்டரும் சக விஞ்ஞானிகளும் பதில் எழுதினார்கள். ஆனாலும் அடுத்த பல மாதங்கள் சான்டருக்கு இதற்கு விளக்கம் சொல்வதிலேயே போயின.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்த, அதாவது பிடிக்காத, இடம் ஒன்று உண்டு. பொது விவாதம் எப்படித் தடம் மாறுகிறது என்பது இதில் அப்படியே தெரிகிறது. மேலடுக்கு ஏன் குளிர்கிறது என்பது கொஞ்சம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற கேள்வி. யார் திருத்தினார், எப்போது, யாரைக் கேட்டு என்பது எல்லோருக்கும் புரிகிற கேள்வி. ஊர்ப் பஞ்சாயத்தில் வழக்கு பலவீனமாக இருப்பவர் எங்கே ஆரம்பிப்பார்? "முதலில் இந்தக் கூட்டத்துக்கு முறையா தகவல் சொன்னீங்களா?" அதே கதை. 2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து காலநிலை விஞ்ஞானிகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபோதும் இதுதான் நடந்தது. பல விசாரணைகள் நடந்தன. தரவுகளைக் கேட்டவர்களுக்குத் தயங்காமல் கொடுத்திருக்க வேண்டும் என்று குட்டு விழுந்தது. தரவைத் திரித்தார்கள் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை. முதல் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, முடிவு எந்தப் பக்கத்தில் வந்ததோ.

உண்மையில் சான்டரின் வேலையில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. அவர் குழு பயன்படுத்திய பலூன் அளவீடுகள் 1963 முதல் 1987 வரையானவை. காலத்தை முன்னும் பின்னும் நீட்டினால் கைரேகை அவ்வளவு அழுத்தமாகத் தெரிவதில்லை என்று இரண்டு பேர் அறிவியல் இதழிலேயே எழுதினார்கள். சான்டர் தரப்பு அதே இதழில் பதில் சொன்னது. அது ஆரோக்கியமான சண்டை. ஆனால் அது பத்திரிகைத் தலைப்பு ஆகவில்லை.

அந்த வேளையில் ஏன் இவ்வளவு ஆவேசம்? நாட்காட்டியைப் பார்த்தால் விளங்கும். 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் புகையைக் குறைக்க ஒப்பந்தம் போடப்போகிறார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்பே அமெரிக்க மேலவை, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது என்று 95-0 என்று தீர்மானம் போட்டது. நிலக்கரி, எண்ணெய், கார் கம்பெனிகள் சேர்ந்து 1989இல் உருவாக்கிய 'குளோபல் கிளைமேட் கொயலிஷன்' என்ற அமைப்பு, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று விடாமல் சொல்லிவந்தது. அதே அமைப்புக்காக 1995இல் அதன் சொந்த விஞ்ஞானிகள் தயாரித்த குறிப்பில், பசுங்குடில் விளைவின் (கரியமில வாயு போன்றவை சூட்டைப் பிடித்துவைப்பதற்கு இதுதான் பெயர்) அடிப்படை நன்கு நிறுவப்பட்டது, மறுக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு நீதிமன்ற வழக்கில் தாக்கலான ஆவணங்களில் கிடந்த அது 2009இல்தான் செய்தியாக வந்தது. 2002இல் ஃபிராங்க் லன்ட்ஸ் என்ற அரசியல் ஆலோசகர் குடியரசுக் கட்சிக்கு எழுதிய குறிப்பு இன்னும் பச்சையானது. விஞ்ஞானிகள் ஒத்துப்போய்விட்டார்கள் என்று மக்கள் நம்பிவிட்டால் அவர்கள் எண்ணமும் மாறிவிடும். ஆகவே 'நிச்சயம் இல்லை' என்பதையே முன்னால் வைத்துக்கொண்டிருங்கள் என்பது அதன் சாரம்.

இதை வைத்து, சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் காசு வாங்கியவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அது பொய். அலபாமா பல்கலைக்கழகத்தின் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி இருவரும் செயற்கைக்கோள் வழியாகக் காற்றின் வெப்பநிலையைக் கணக்கிட்டு 1990இல் வெளியிட்டார்கள். தரையில் இருக்கிற வெப்பமானிகள் ஏற்றம் காட்ட, இவர்கள் கணக்கில் ஏற்றமே தெரியவில்லை. பல ஆண்டுகள் இது விஞ்ஞானிகளுக்கு உண்மையான தலைவலி. தவறு எங்கே என்று கடைசியில் தெரிந்தது. செயற்கைக்கோள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, அந்த இறக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998இல் ஒரு குழு காட்டியது. அது தவிர, செயற்கைக்கோள் ஓர் இடத்தைத் தாண்டுகிற நேரமும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே போகும். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வெப்பமானியைப் பார்க்கிறவர், கடிகாரம் மெதுவாக ஓடுவது தெரியாமல் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் பார்த்தால் எப்படி இருக்கும்? வெயில் இறங்கியிருக்கும், ஊரே குளிர்ந்துவருகிறது என்று எழுதிவைப்பார். இதைச் சரிசெய்யப் போட்ட கணக்கில் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தார்கள். 2005இல் சுட்டிக்காட்டியதும் அவர்களே ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். அதன் பிறகு அவர்கள் கணக்கிலும் ஏற்றம்தான் தெரிகிறது, மற்றவர்கள் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லரும் சந்தேகப்பட்டவர்தான். தானே தனிக் குழு அமைத்து, தரை வெப்பநிலைப் பதிவுகளை முதலிலிருந்து கணக்குப் போட்டார். பணம் கொடுத்தவர்களில், எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்து, காலநிலைக் கொள்கைகளை எதிர்த்துவந்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் உண்டு. 2012இல் முல்லர் வெளிப்படையாகவே எழுதினார்: 250 ஆண்டில் நிலப்பரப்பு சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, காரணம் கிட்டத்தட்ட முழுக்க மனிதர்தான். சந்தேகம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பதில் வந்ததும் ஏற்றுக்கொள்கிற சந்தேகம்.

ஐபிசிசி தரப்பும் ஒருமுறை சறுக்கியது, அதுவும் நம் நாட்டை வைத்து. 2007 அறிக்கையின் இரண்டாம் தொகுதியில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோக வாய்ப்பு அதிகம் என்று ஒரு வரி. முறையான ஆய்விலிருந்து வந்ததில்லை அது. ஒரு பேட்டியில் வந்தது ஓர் அமைப்பின் அறிக்கைக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்துவிட்டது. 2009இல் இந்திய நிலவியல் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா எழுதிய அறிக்கையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அப்படி ஓடி மறையவில்லை என்றது அது. ஐபிசிசியின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அதை மந்திரவாத அறிவியல் என்று தள்ளினார். 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவித்து அந்த வரியை விலக்கிக்கொண்டது. பனியாறுகள் சுருங்குகின்றன என்பது பொய்யாகிவிடவில்லை, 2035 என்பதுதான் பொய். ஆனால் அந்த ஏளனப் பதிலுக்கு விலை கொடுக்க வேண்டிவந்தது. இன்றும் 'அவங்கதானே இமயமலை உருகிடும்னு சொன்னவங்க' என்று கேட்கிறார்கள்.

மாட்ரிட்டின் கோடிட்ட இடம் பிறகு என்ன ஆயிற்று? 2001 அறிக்கையில், கடந்த 50 ஆண்டு வெப்ப ஏற்றத்தில் பெரும்பகுதி மனிதரால் ஏற்பட்டிருக்க 'வாய்ப்பு உண்டு' என்று எழுதினார்கள். 2007இல் 'மிகவும் வாய்ப்பு உண்டு'. 2013இல் 'மிக மிக'. கேட்டால் மழுப்புவது மாதிரி இருக்கும். ஆனால் ஐபிசிசி இந்தச் சொற்களுக்கு எண் வைத்திருக்கிறது. முதலாவது நூற்றுக்கு 66க்கு மேல், அடுத்தது 90க்கு மேல், அதற்கடுத்தது 95க்கு மேல். நம் பேச்சில் 'மழை வரலாம்' என்றால் குடை எடுக்க மாட்டோம். அங்கே 'வரலாம்' என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. பொது விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான். 2021 ஆகஸ்ட் அறிக்கையில் அந்த வாய்ப்புச் சொல்லும் போய்விட்டது. காற்றையும் கடலையும் நிலத்தையும் மனிதர் சூடாக்கியிருப்பது ஐயத்துக்கு இடமில்லாதது என்று நேராகவே எழுதினார்கள். 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011-2020இல் உலகம் 1.1 டிகிரி அளவுக்குச் சூடாகியிருந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் பங்கு. அதற்கும் 195 அரசுகள் வரிவரியாகத் தலையாட்டின, சவூதி உட்பட. இரண்டு மாதம் கழித்து ஹாசல்மனுக்கும் மனாபேக்கும் இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். இருவருக்குமே கிட்டத்தட்ட 90 வயது.

'97 சதவீத விஞ்ஞானிகள்' என்று ஓர் எண் எங்கும் சுற்றுகிறது. 2013இல் சுமார் 12,000 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து எடுத்த எண் அது. மூன்றில் இரண்டு பங்கு சுருக்கங்கள் காரணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவற்றில் 97 சதவீதம் மனிதர்தான் என்றன. ஒரு தரப்பு முதல் பாதியை மறைக்கும், மறு தரப்பு இரண்டாம் பாதியை.

இந்தச் சண்டை முக்கியமாக அமெரிக்காவில் நடந்தது. இந்தியாவில் 'மனிதர் காரணமா' என்று அரசியல் கட்சிகள் பெரிதாக மோதிக்கொண்டதில்லை. நம் சண்டை வேறு. எந்த மனிதர்? 1991இல் டெல்லியின் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைக் கிளப்பினார்கள். ஒரு அமெரிக்கக் காரின் புகையையும் நம் ஊர் நெல் வயலிலிருந்து வரும், சூட்டைப் பிடிக்கிற இன்னொரு வாயுவான மீத்தேனையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? ஒன்று சொகுசு, மற்றது சோறு. இன்றும் ஓர் இந்தியரின் பங்குக்கு ஆண்டுக்கு இரண்டு டன் அளவில் கரியமில வாயு வருகிறது என்றால், ஓர் அமெரிக்கர் பங்குக்கு 14 டன் அளவில் வருகிறது. 'மனிதரின் தாக்கம்' என்ற சொற்றொடரில் எனக்கு இருக்கிற ஒரே குறை இது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வெயில், மழை, புயல் எது வந்தாலும் 'எல்லாம் இயற்கைச் சுழற்சி' என்பார். அவரோடு வாதாடுகிறவர்கள் எது வந்தாலும் 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்பார்கள். போன டிசம்பரில் சென்னை வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ஞாபகம் இருக்கும். அந்த மழையில் புவி வெப்பமாதலின் கைரேகை இருக்கிறதா என்று இந்திய விஞ்ஞானிகளும் அடங்கிய ஒரு பன்னாட்டுக் குழு தேடிப் பார்த்தது. 2016இல் வந்த அவர்கள் முடிவு: புலப்படவில்லை. நான் அதைக் குழுவில் போட்டேன்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெரியப்பா உடனே எழுதினார்.

"சொன்னீங்க பெரியப்பா. ஆனா இல்லைன்னு இவங்க கண்டுபிடிச்ச அதே மாதிரி கணக்குலதான் உலகம் சூடானது மனுஷனாலன்னும் கண்டுபிடிச்சாங்க" என்று பதில் போட்டேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாதே.

நீல டிக் விழுந்து கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் கேட்டார்: "அப்போ ஏன் நம்ம பக்கம் மட்டும் தெரியல?"

நல்ல கேள்வி. வங்காள விரிகுடா அந்தக் காலத்தில் எதிர்பார்த்த அளவு சூடாகவில்லை. நம் வாகனங்களும் ஆலைகளும் அடுப்புகளும் விடுகிற புகைத்தூசு வெயிலைக் கொஞ்சம் தடுத்துக்கொண்டிருக்கலாம், அதனால் வாயுவின் வேலை மறைந்திருக்கலாம் என்பது அந்தக் குழுவின் ஊகம். அதையும் எழுதினேன்.

"சரிப்பா, புகை குறைஞ்சு காத்து சுத்தமாயிடுச்சுன்னா?"

அங்கேதான் இப்போது ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. காற்று சுத்தமாகும்போது எவ்வளவு சூடு வெளியே தலைகாட்டும், நம் வடகிழக்குப் பருவமழை அதனால் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் விஞ்ஞானிகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற கேள்விகள். பெரியப்பாவுக்கு அப்படியே சொன்னேன். ஒரு கட்டைவிரல் அனுப்பிவிட்டு, யாரோ பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போய்விட்டார்.